வேலையை விடாமல் ஒரு முதுகலை

வேலை பார்த்துக்கொண்டே முதுகலைப் பட்டம் வாங்க இந்தியாவில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது பகுதிநேரக் கல்லூரி: மாலையில் வகுப்பு, நேரில் வருகை. இரண்டாவது தொலைநிலைக் கல்வி: புத்தகம் வீட்டுக்கு வரும், சனி ஞாயிறுகளில் நேர்முக வகுப்பு நடக்கும், தேர்வை மையத்துக்குப் போய் எழுத வேண்டும். மூன்றாவது இணையவழிக் கல்வி. இதில் சேர்க்கையிலிருந்து பாடம், ஒப்படைப்பு, விவாதம் வரை எல்லாமே திரையில் நடக்கும்; பல பல்கலைக்கழகங்கள் தேர்வையும் அப்படியே நடத்துகின்றன.

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் போன்ற ஊரில் முதல் வழி பெயரளவில்தான் இருக்கிறது. திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி போன்றவற்றில் பகுதிநேரப் படிப்பு உண்டு. ஆனால் ஊரிலிருந்து நெல்லைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐந்தரை மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்புபவர் வகுப்பு முடிந்து வீடு திரும்ப நள்ளிரவை நெருங்கிவிடும். அதிலும் பகுதிநேரச் சேர்க்கையில் வேலை பார்க்கும் இடம் கல்லூரிக்குக் குறிப்பிட்ட தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வேறு. மேலநீலிதநல்லூரிலும் சுரண்டையிலும் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன என்றாலும் அவை பகல் கல்லூரிகள். வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருப்பவருக்கோ, விசைத்தறிக் கூடத்தில் கணக்கு பார்ப்பவருக்கோ, தனியார் பள்ளி ஆசிரியைக்கோ அவற்றால் பயனில்லை. மிஞ்சுபவை தொலைநிலையும் இணையவழியும்தான்.

தென்மாவட்டங்களுக்கு இது புதிய பழக்கமன்று. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் நாட்டின் முதல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அதே வழியில் இறங்கின. ‘கரஸ்ல எம்.ஏ. முடிச்சேன்’ என்று சொல்லும் ஒரு தலைமுறையே அதிலிருந்து உருவானது. அவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள், அஞ்சலக ஊழியர்கள், காவலர்கள். 1990-ல் திருநெல்வேலியை மையமாகக் கொண்டு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்தபின், தொலைநிலைப் படிப்புக்கான அலுவலகம் அதன் வளாகம் உள்ள அபிஷேகப்பட்டி வரை நெருங்கி வந்துவிட்டது. தேசிய அளவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லும், மாநில அளவில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் பிறந்தன.

இணையவழிப் பட்டத்திலும் தமிழ்நாடு முந்திக்கொண்டது என்பது பலருக்கு நினைவில் இல்லை. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. வெளிநாட்டுத் தமிழர் இணையத்திலேயே தமிழ் படித்துப் பட்டம் வரை போகலாம் என்பதே அதன் நோக்கம். அகன்ற அலைவரிசை என்ற சொல்லையே பெரும்பாலோர் கேள்விப்படாத காலம் அது. அந்த இணையப் பல்கலைக்கழகத்தை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் வா. செ. குழந்தைசாமி. அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் பிறகு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தவர். வகுப்பறைக் கல்வி, தொலைநிலை, இணையவழி ஆகிய மூன்றையும் உள்ளிருந்து பார்த்த அவரைப் போன்றவர் நாட்டில் அதிகம் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, இணையவழிப் பட்டங்களுக்கென்று 2018-ல் முதல் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2020 செப்டம்பரில் தொலைநிலை, இணையவழி இரண்டுக்குமாக ஒரே விதித்தொகுப்பு வெளியானது. நடப்பில் இருப்பது, பின்வந்த திருத்தங்களுடன், அதுவே. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெறும் பட்டம், நேரில் படித்துப் பெறும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி மீண்டும் தெளிவுபடுத்தியது. இரண்டு வழிகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பு அதன் எல்லைக்குள் மட்டுமே செல்லும். இணையவழிப் படிப்புக்கு எல்லை கிடையாது. சங்கரன்கோவிலில் இருப்பவர் நாட்டின் எந்த மூலையிலுள்ள பல்கலைக்கழகத்திலும் சேரலாம்.

ஏமாற்றம் நுழைவதும் இந்த வாசல் வழியாகத்தான். எந்தச் சிற்றூரின் பேருந்து நிலையத்துக்கு அருகிலும் ‘தொலைதூரக் கல்வி மையம்’ என்ற பலகை ஒன்று தொங்கும். பெயர் கேள்விப்படாத வடமாநிலப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் அங்கே கிடைக்கும், கட்டணத்தைத் தவணையில் வாங்கிக்கொள்வார்கள், ‘தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம்’ என்ற உறுதிமொழியும் சேர்த்துத் தருவார்கள். ஒரு மாநிலத்தின் சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துக்கு வெளியே கடை விரிக்க முடியாது என்று யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தனியாருக்கு உரிமம் கொடுத்துப் பாடம் நடத்துவதையும் யுஜிசி விதிகள் தடுக்கின்றன. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களோடு அப்படிக் கூட்டுச் சேரக் கூடாது என்று 2022 தொடக்கத்தில் யுஜிசி எச்சரித்ததும் இதனால்தான். விளம்பரம் யார் பெயரில் வந்தாலும், கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகப் போகிறதா என்பது முதல் சோதனை.

இரண்டாவது சோதனை அங்கீகாரம். பல்கலைக்கழகம் பெரியது, பழையது என்பது மட்டும் போதாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று தனித்தனியாக அனுமதி தந்து பட்டியலை வெளியிடுகிறது. சேரும் பருவத்துக்கான பட்டியலில் சேரும் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். தமிழகத்தில் இதற்குப் பெரிய பாடம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விவகாரம். அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கான அங்கீகாரம் 2014-15 வரைதான் இருந்தது என்றும், அதற்குப் பிந்தைய சேர்க்கைகளைத் தான் ஏற்கவில்லை என்றும் 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போன அந்த ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் எல்லாரும் நல்ல பெயரை நம்பிச் சேர்ந்தவர்களே. இன்னொரு பாடம் 2017 நவம்பரில் வந்தது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றி அஞ்சல்வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு பெற்றவர்களும் அதில் சிக்கினார்கள்.

எல்லாப் பாடங்களையும் இப்படிப் படிக்க முடியாது. மருத்துவம், செவிலியம், மருந்தியல், பொறியியல், கட்டடக்கலை, சட்டம், வேளாண்மை, உணவக மேலாண்மை போன்றவை தொலைநிலையிலும் இணையவழியிலும் தடை செய்யப்பட்டவை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எஞ்சியவற்றில் அதிகம் பேர் நாடுவது எம்.பி.ஏ., எம்.சி.ஏ., எம்.காம்., தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், கணிதம் ஆகியவற்றை. கணினித் துறையில் வேலை பார்ப்போருக்குத் தனிப் பாதைகள் உண்டு. பிட்ஸ் பிலானி 1979 முதலே வேலையோடு இணைந்த பட்டப்படிப்புகளை நடத்துகிறது. ஐஐடிகள் தனிச் சட்டத்தின் கீழ் வருபவை; அவற்றின் விதிகளும் தனி. ஐஐடி கான்பூர் 2022-ல் தொடங்கிய ‘இ-மாஸ்டர்ஸ்’ படிப்புக்கு கேட் மதிப்பெண் கேட்பதில்லை, ஆனால் கட்டணம் லட்சங்களில் போகும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்தபின், ஊரிலிருந்தபடியே மென்பொருள் வேலை என்பது இந்த வட்டாரத்தில் கனவாக இல்லாமல் போய்விட்டது. ஊரிலிருந்தபடியே அதற்கான மேற்படிப்பு என்பது அதன் மறுபக்கம்.

சேர்க்கை ஆண்டுக்கு இரு முறை: ஜூலை-ஆகஸ்டிலும் ஜனவரி-பிப்ரவரியிலும். மாணவர் முதலில் கல்வி மதிப்பலகு வங்கியில் கணக்குத் தொடங்கி, அதைக் கொண்டு யுஜிசி தளத்தில் ‘டெப் ஐடி’ எண் பெற வேண்டும். 2024 முதல் இது கட்டாயம். இணையச் சேவை மையத்தில் கொடுத்து எடுக்கச் சொல்வதைவிடத் தானே எடுப்பது நல்லது. ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரும் முதலெழுத்தும் வேறு வேறாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சங்கரன்கோவிலில் ஜூலை-ஆகஸ்ட் என்றால் ஆடி மாதம். ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் வீடு நிறைய உறவினர் இருப்பார்கள், விண்ணப்பம் பின்னுக்குப் போகும். கடைசித் தேதி பெரும்பாலும் நீட்டிக்கப்படும் என்பது உண்மையே. அந்த நீட்டிப்பை நம்பிச் சேர்பவருக்கு முதல் மாதப் பாடமும் முதல் ஒப்படைப்பும் சேர்ந்து தலையில் விழும்.

படிப்பு நடக்கும் இடம் கற்றல் மேலாண்மைத் தளம் எனப்படும் இணையதளம். ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு கூறுகள் அதில் இருக்க வேண்டும் என்பது விதி: காணொளி விரிவுரை, படிப்பதற்கான எழுத்துப் பாடம், விவாத மேடை, தன்மதிப்பீட்டு வினாக்கள். காணொளிகள் பதிவு செய்யப்பட்டவை என்பதால் நேரம் மாணவர் கையில். வார இறுதியில் ஆசிரியர் நேரலையில் வந்து ஐயம் தீர்ப்பார். மாணவர் எப்போது உள்ளே வந்தார், எதைப் பார்த்தார், என்ன எழுதினார் என்பதெல்லாம் பதிவாகும். பங்கேற்பு போதாவிட்டால் தேர்வுக்கு அனுமதி கிடைக்காது. மதிப்பெண்ணில் வழக்கமாக 30 உள்மதிப்பீட்டுக்கு, 70 பருவத்தேர்வுக்கு. நான்கு கூறுகளில் மாணவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது விவாத மேடையைத்தான். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும் வீட்டில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியே படிப்பவருக்குச் சக மாணவர் என்று யாராவது இருப்பது அங்கே மட்டும்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் 2014-ல் சுமார் 7,000 டாலர் கட்டணத்தில் தொடங்கிய இணையவழிக் கணினி முதுகலை இதை நன்றாக உணர்ந்தது. பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள் சேரும் அந்தப் படிப்பில் விவாத மேடையில் குவியும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல 2016-லேயே ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் பயன்படுத்தினார்கள்.

கட்டணத்தைப் பற்றி எல்லாரும் விசாரிக்கிறார்கள். மணிக்கணக்கைப் பற்றி விசாரிப்பவர் அரிது, உண்மையான விலை அதுதான் என்றாலும். இரண்டாண்டு முதுகலைக்குப் பொதுவாக 80 மதிப்பலகுகள். ஒரு மதிப்பலகு என்பது மாணவர் செலவிட வேண்டிய 30 மணி நேரம்: காணொளி பார்ப்பது, படிப்பது, எழுதுவது எல்லாம் சேர்த்து. மொத்தம் 2,400 மணி நேரம். இரண்டாண்டில் 104 வாரங்கள் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 23 மணி நேரம் வரும். திங்கள் முதல் சனி வரை காலையில் ஒன்றரை மணி நேரம், இரவில் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் கணக்கு சரியாக வரும். தீபாவளி, கோயில் கொடை, கல்யாணம், காய்ச்சல் எதற்கும் இந்தக் கணக்கில் இடம் இல்லை.

நடைமுறையில் இவ்வளவு நேரம் செலவிடாமலே பலர் தேர்ச்சி பெறுகிறார்கள். தேர்வுக்கு முந்தின மாதம் வினாவிடைப் புத்தகத்தை உருப்போட்டால் ‘பாஸ்’ வந்துவிடும் என்ற பழைய அஞ்சல்வழி வழக்கம் இன்னும் சாகவில்லை. பதவி உயர்வுக்கான ஒரு தாள் மட்டும் போதும் என்பவருக்கு அது உதவலாம். நேர்காணலில் பாடத்தைப் பற்றிக் கேட்கும் வேலைக்குப் போகிறவருக்கு உதவாது. எனவே எத்தனை மணி நேரம் உண்மையில் கிடைக்கும் என்பதைச் சேர்வதற்கு முன்பே ஒரு மாதம் வெறும் புத்தகத்தோடு உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பது பயனுள்ளது. வாரம் 12 மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் படிப்பை நான்கு ஆண்டுகளாகப் பரப்பிக்கொள்ளலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டாண்டு முதுகலையை முடிக்க நான்கு ஆண்டு வரை தருகிறது. பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். இரவு ஒன்பதரை மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்தபின் தொடங்கும் ஒன்றரை மணி நேரமும், சாப்பிட்டுவிட்டு எழுந்ததும் தொடங்கும் ஒன்றரை மணி நேரமும் ஒன்றல்ல. வீட்டில் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பட்டத்தால் என்ன கிடைக்கும் என்பது வேலையைப் பொறுத்தது. அரசு ஊழியரும் ஆசிரியரும் சேர்வதற்கு முன் துறையின் முன்அனுமதி பெற வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது சிக்கல் வரும். உயர்கல்விக்காகத் தமிழக அரசு தந்துவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பின்னர் அதற்குப் பதிலாக ஒருமுறை தரும் தொகை வந்தது. ஆகவே மாதச் சம்பளம் கூடும் என்ற பழைய கணக்கை வைத்து இன்று யாரும் சேரக் கூடாது. பதவி உயர்வும் போட்டித் தேர்வும்தான் இன்றைய காரணங்கள்.

அங்கே இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. ஒன்று, படிப்பின் வரிசை. பத்து, பன்னிரண்டு, இளநிலை என்று முறையாகப் படித்து வராமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுகலையைத் தமிழக அரசுப் பணி ஏற்பதில்லை. இன்னொன்று, இணைத்தன்மை. புதிய பெயரில் வரும் எம்.எஸ்சி. பட்டம் அறிவிக்கையில் கேட்ட பட்டத்துக்கு இணையா என்பதை அரசாணைதான் முடிவு செய்யும். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்பதால், பி.எஸ்சி. கணிதம் முடித்தவர் ஆர்வத்தில் எம்.ஏ. வரலாறு படித்தால் அறிவு சேரும், பணி சேராது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டத்தைப் பொறுத்தவரை, தனியார் நிறுவனங்கள் மதித்தாலும் இந்திய அரசுப் பணிக்கு அதன் இணைத்தன்மையைத் தனியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கட்டணம் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆயிரங்களில் இருக்கிறது. பெயர்பெற்ற தனியார் நிறுவனங்களில் லட்சத்தைத் தாண்டும். கல்விக் கடன் வாங்கினால் அதன் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும். சேரலாமா என்ற தயக்கம் உள்ளவருக்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஐஐடிகள் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் விரிவுரைகளும், 2017-ல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தின் பாடங்களும் பார்ப்பதற்கு இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். ஒரு பருவம் ஒரே ஒரு பாடத்தை அங்கே முடித்துப் பார்த்தால், திரையில் படிப்பது தனக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. இணையவழி முதுகலைகளும் அப்படியே. தமிழ்வழியில் படிக்க விரும்புபவருக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்தும் தொலைநிலைப் படிப்புகளே இன்னும் பொருத்தமானவை.

பருவத்தேர்வை மையத்தில் எழுதுவதும் உண்டு, வீட்டிலிருந்தே கண்காணிப்பின் கீழ் எழுதுவதும் உண்டு. வீட்டிலிருந்து எழுதும்போது கேமரா மாணவரையும் அறையையும் பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது உள்ளே வந்து பேசினாலே எச்சரிக்கை வரும். மின்தடைக்கு இன்வெர்ட்டரும், இணையம் போனால் மாற்றாக இன்னொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பும் தயாராக இருக்க வேண்டும். கடைசிப் பருவத்தில் பல படிப்புகளில் ஆய்வேடு உண்டு. வேலை பார்ப்பவருக்கு நேரடி மாணவரைவிட இங்கே ஒரு சாதகம் இருக்கிறது, தரவு அவர் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். விசைத்தறிச் சேலைகளின் விற்பனைக் கடன், புளியங்குடி எலுமிச்சைச் சந்தையின் விலை ஏற்றத்தாழ்வு, ஆடித்தபசில் நகராட்சி கையாளும் குப்பை என்று வணிகவியலுக்கும் பொருளியலுக்கும் பொது நிர்வாகத்துக்கும் தலைப்புகள் ஊரிலேயே கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இணையத்தில் கிடைக்கும் பழைய ஆய்வேட்டை மாற்றி எழுதிக் கொடுப்பவர்கள் ஒற்றுமைச் சோதனையில் சிக்குகிறார்கள். யுஜிசியின் 2018 விதிப்படி 10 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஆய்வேட்டைத் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இப்படிப் பெற்ற முதுகலையை வைத்து, குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால், நெட் தேர்வு எழுதலாம், முனைவர் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்டத்தை இணையவழியிலோ தொலைநிலையிலோ பெற முடியாது. ஆனால் 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகள் பகுதிநேர முனைவர் படிப்பை அனுமதிக்கின்றன. அதற்கு, வேலை பார்க்கும் நிறுவனம் தடையின்மைச் சான்று தர வேண்டும்.